மிகைப்பல் வேறு, தெற்றுப்பல் வேறு

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் பெற்றோருக்குத் தமிழிலும் துண்டறிக்கை தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கணக்குக்கு மேல் முளைக்கும் பல்லுக்கு அதில் ‘தெற்றுப்பல்’ என்று போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குறிப்பு, யூடியூப் காணொளி என்று எங்கு போனாலும் இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது.

மருத்துவர்கள் சொல்வது சூப்பர்நியூமரரி. லத்தீனில் ‘சூப்பர்’ மேல், ‘நுமெருஸ்’ எண். பால்பல் 20, நிலைப்பல் 32. அதற்கு மேல் ஒன்று வந்தாலும் இந்தப் பெயர்தான். நான் மிகைப்பல் என்பது இதைத்தான்.

தெற்றுப்பல்லோ கணக்கில் உள்ள பல். இடம் போதாமல் வரிசை பிசகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது, பெரும்பாலும் கோரைப்பல். தெற்றுதல் என்றால் பின்னுதல், இடறுதல். தெற்றுவாய் என்று திக்குவாயைச் சொல்வதும் இதே வேரிலிருந்துதான். மிகைப்பல் பல நேரம் வெளியிலேயே தெரியாது. எலும்புக்குள் கிடக்கும், எக்ஸ்ரேயில்தான் அகப்படும். கண்ணுக்கே தெரியாததைத் தெற்றுப்பல் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? மிகைப்பல் தள்ளியதால் பக்கத்துப் பல் தெற்றிக்கொள்ளலாம், சரி. அதற்காக விளைவின் பெயரைக் காரணத்துக்கு வைப்பதா?

இது வெறும் சொற்சண்டை இல்லை. தெற்றுப்பல்லை அழகு என்று கொண்டாடும் ஊர் நம்முடையது. ‘தெற்றுப்பல்தானே’ என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேல் நடு வெட்டுப்பற்கள் 7, 8 வயதில் முளைக்க வேண்டும். ஒரு பக்கம் வந்து 6 மாதம் தாண்டியும் மறுபக்கம் வரவில்லை, அல்லது அடுத்த வெட்டுப்பல் முந்திக்கொண்டது என்றால் வழியில் மிகைப்பல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அதிகம் தலைகாட்டும் இடம் அந்த இரண்டு முன்பற்களின் நடுதான். கூம்பு வடிவில் இருந்தால் பக்கத்துப் பல்லைத் தள்ளும், திருப்பும், நடுவில் சந்து விழவைக்கும். பீப்பாய் போல் பருத்துப் பல முகடுகளோடு இருந்தால் நிலைப்பல்லை வெளியே வரவே விடாமல் மறிக்கும்.

‘மீயெண் பல்’ என்று ஒரு தனித்தமிழ் முயற்சியும் உலவுகிறது. மீ என்பதற்கு மேல் என்று பொருள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லத்தீனைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் தமிழ் ஆகிவிடாது. வேகமாகச் சொன்னால் மீன்பல் என்றுதான் கேட்கிறது. ‘உபரிப்பல்’ பரவாயில்லை, ஆனால் பட்ஜெட் வாசனை அடிக்கிறது. ‘மிகை’ என்றால் மிகைப்படுத்தல் நினைவுக்கு வருகிறதாம் சிலருக்கு. வல்லினம் மிகும் என்று படித்தோமே, அங்கே எதை மிகைப்படுத்தினோம்? மிகைப்பல்லிலேயே ஒரு ‘ப்’ மிகுந்துதான் நிற்கிறது! எழுத்தில் மிகைப்பல், பேச்சில் கூடுதல் பல். இவை போதும்.

இங்குள்ள கன்னட மருத்துவர்களைப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரா ஹல்லு’ என்கிறார்கள், வேலை முடிந்தது. நம் பல்தான் அவர்களுக்கு ஹல்லு. பால்பல் ஹாலு ஹல்லு. தமிழ்த் தாய்க்கும் அது சட்டென்று புரிந்துவிடுகிறது. கையில் கொடுக்கும் தமிழ்த்தாள்தான் புரிவதில்லை. அதே தாளில் ‘பல் வெடிப்பு தாமதமாகும்’ என்று வேறு இருக்கிறது. பிள்ளைக்குப் பல் முளைக்கும், ஐயா. வெடிப்பது பட்டாசு.