கம்பி போன வழி: களிமண் சுங்கான் எப்படிச் செய்யப்பட்டது?

சுண்டுவிரல் தடிப்பில், ஒரு சாணுக்கு மேல் நீளமான ஈரக் களிமண் குச்சி. அதன் நடுவால், பக்கத்தில் எங்கும் பொத்துக்கொண்டு வராமல், நீளத்துக்கும் ஒரு துளை போட வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் கௌடா நகரிலும் இங்கிலாந்தின் பல ஊர்களிலும் களிமண் சுங்கான் (புகையிலை இட்டுப் புகைக்கும் குழாய்) செய்தவர்கள் நாள் முழுக்க இதைச் செய்தார்கள். அந்தத் தொழிலின் கெட்டித்தனம் முழுவதும் துளையில்தான் இருக்கிறது என்பேன்.

முதலில் மண். மட்டக்களப்பில் சட்டி பானையும் செங்கல் சூளையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சுட்ட மண் என்றாலே சிவப்பு. மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் ஒட்சிசனோடு சேர்ந்து சிவப்பு ஒட்சைட்டாகிறது. சுங்கானுக்கு எடுத்தது இரும்பு மிகக் குறைந்த களிமண். அதனால் சுட்டாலும் வெள்ளையாகவே வரும். குயவர் சக்கரமும் இங்கே உதவாது. சக்கரத்தில் வனைந்தால் வட்டமாகத்தான் வரும். சுங்கானுக்கோ புகையிலை இடும் கிண்ணம் மேலே நிமிர்ந்தும் தண்டு பக்கவாட்டில் நீண்டும் இருக்க வேண்டும்.

ஆகவே அச்சு. பிசைந்த மண்ணைக் கரட் கிழங்கு மாதிரி ஒரு முனை தடித்திருக்க உருட்டி, சற்று இறுகும்வரை வைப்பார்கள். பிறகு எண்ணெய் தடவிய கம்பி. ஒரு கை கம்பியைத் தள்ள, மற்றக் கையின் விரல்கள் அதன் நுனி போகும் வழியை மண்ணுக்கு மேலாலேயே தடவி அறியும். நுனி ஓரம் கட்டினால் அந்தப் பக்கத்து மண் மெலிவது விரலுக்குத் தெரிந்துவிடும். கம்பியை உருவாமலே, இரண்டு பாதியாகப் பிரியும் உலோக அச்சுக்குள் வைத்து இறுக்கி, மேலிருந்து ஒரு முளையை அழுத்தினால் தடித்த முனை கிண்ணமாகும். அப்புறம் கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ள, நுனி கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்கும். வழி திறந்துவிட்டது. கம்பியை உருவி, அச்சின் பொருத்துத் தடத்தைக் கத்தியால் சீவிக் காயவிட வேண்டியதுதான்.

சாம்பலும் புகையும் பட்டால் வெள்ளை கெடும் என்பதால், மண்கலங்களுக்குள் அடுக்கித்தான் சூளையில் வைத்தார்கள். கௌடாவில் சுங்கான்காரர் பலர் குயவரின் சூளையில் கொடுத்தே சுட்டார்கள். வெப்பம் 500, 600 பாகை செல்சியசை எட்டும்போது களிமண் கனிமத்துக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறும். அதன்பின் எவ்வளவு ஊறினாலும் அது சேறாகாது. இன்னும் சூடேற, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். ஆனால் நுண்துளைகள் அடைபடும் அளவுக்குச் சுடுவதில்லை. புகையின் ஈரத்தையும் தாரையும் உறிஞ்சுவது அவைதான். உதட்டை ஒட்டிப் பிடிப்பதும் அவைதான். அதற்காக வாய்முனையில் மெழுகு பூசுவது உண்டு. பழுப்பேறிய சுங்கானை மறுபடி நெருப்பில் இட்டால் தார் எரிந்து வெண்மை திரும்பும்.

சரி, துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குழாயில் காற்று சீராகப் போகும்போது, தடை ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும். துளையின் ஆரையைப் பாதியாக்கினால் இழுப்பு 16 மடங்கு கடினமாகும். தண்டு நீள நீளப் புகை சூடாறி வரும் என்பதால் காலப்போக்கில் தண்டுகள் நீண்டன. நீண்ட தண்டுக்குள் தடித்த கம்பி போனால் சுவர் பொத்துவிடும். எனவே கம்பி மெலிந்தது. (சூடாறிய புகை தீங்கற்ற புகை அல்ல. புற்றுநோய் தரும் பொருள்கள் அதிலும் உண்டு. வெற்றிலையோடு வாயில் அடக்கும் புகையிலையிலும் உண்டு.)

இந்த மெலிவை 1954இல் ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அளந்து காட்டினார். 1600ஐ ஒட்டிய ஆங்கிலச் சுங்கான்களில் துளை ஓர் அங்குலத்தில் 64இல் 9 பங்கு, ஏறத்தாழ 3.6 மில்லிமீற்றர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 பங்கு, 1.6 மில்லிமீற்றர். உடைந்த தண்டுத் துண்டே காலம் சொல்லத் தொடங்கியது. சுங்கான் மலிவு, எளிதில் உடையும், உடைந்ததும் எறிந்துவிடுவார்கள். எறிந்த துண்டோ மண்ணில் உக்குவதில்லை. தொல்லியலுக்கு இதைவிடத் தோதான பொருள் அரிது.

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். சுங்கான் அவர்களின் அன்றாடப் பொருள். ஆகவே வாவிக்கரை மண்ணில் வெள்ளைக் குழாய்த் துண்டு எதுவும் கண்ணில் பட்டால் கவனியுங்கள். ஹாரிங்டனின் கணக்கு ஆங்கிலச் சுங்கானுக்குத்தான் பொருந்தும், ஒல்லாந்தச் சுங்கானுக்குச் சரிவராது. ஒல்லாந்தச் சுங்கானின் காலம் அறியக் கிண்ணத்தின் வடிவமும், அடியிலுள்ள குதியில் குத்திய முத்திரையும் வேண்டும். புகையிலை விலை கூடிய காலத்தில் கிண்ணம் சிறியது, மலிந்தபின் பெரியது. முத்திரை செய்தவருடையது, ஆனால் கௌடாவில் முத்திரைகள் கைமாறியதால் அதை மட்டும் நம்ப முடியாது. துண்டைத் தேய்த்துக் கழுவாமல், எடுத்த இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்திடம் காட்டுங்கள். உள்சுவரில் ஒட்டிய கரியிலும் ஆராய விஷயம் இருக்கிறது.