மேசைக்கு வந்த மடையானும் சுகர் கிளைடரும்

சேலத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு அன்றாடம் நாயும் பூனையும்தான். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள்.

காலையில் வந்தது மடையான் என்ற குளத்துக் கொக்கின் குஞ்சு. மூக்கனேரிக் கரையில் மரத்தடியில் கிடந்ததாக இரண்டு மாணவர்கள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாயைத் திறந்து திறந்து மூடியதால் தாகம் என்று நினைத்து, பாட்டில் மூடியால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கை ஒட்டியே இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குஞ்சின் மூச்சு கரகரத்தது. தொட்டதும் பாதி செரித்த மீனைக் கக்கியது. பயந்தால் கொக்குக் குஞ்சுகள் அப்படித்தான் செய்யும். சற்று முன்புவரை தாய் இரை ஊட்டியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கினேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மடையானை வீட்டில் வளர்க்க முடியாது. துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தூக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் அலகு கண்ணைக் குத்திவிடும்.

மாலையில் ஏற்காட்டிலிருந்து ஒரு தந்தையும் மகளும் சுகர் கிளைடரோடு வந்தார்கள். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலியப் பிராணி அது. எடை நூறு கிராம் சொச்சம். “செத்துவிட்டது சார்” என்று அந்தப் பெண் விம்மினாள். உடல் சில்லிட்டிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் மட்டும் மெல்லிய துடிப்பு. குளிரும் அரைப்பட்டினியும் சேர்ந்தால் இது உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு உறைந்ததுபோல் கிடக்கும். மெதுவாகச் சூடேற்றினோம், கண் திறந்தது. ஆனால் பின்னங்கால்கள் இழுபட்டன.

“என்ன கொடுக்கிறீர்கள்?”

“வாழைப்பழமும் ஆப்பிளும்தான் சார்.”

காட்டில் மரப்பாலும் தேனும் பூச்சியும் தின்பது இது. பழம் மட்டும் கொடுத்தால் கால்சியம் குறைந்து எலும்பு வலுவிழக்கும். கூட்டமாக, இரவில் வாழும் பிராணியைப் பகலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தனியே அடைத்திருந்தார்கள். பாசத்தில் குறையில்லை, அதுதான் எனக்கு அதிக வேதனை.

மடையானைத் தண்ணீரோரம் திரும்ப விடலாம். கிளைடரைச் சேர்வராயன் காப்பித் தோட்டத்தில் விட முடியுமா? அநேகமாகச் செத்துவிடும். பிழைத்துப் பெருகினால் இன்னும் மோசம். மனிதர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில், அழிவின் விளிம்பிலுள்ள சுவிப்ட் கிளிகளைக் கூட்டிலேயே தின்கின்றன இவை. அதனால்தான் வாங்கும் முன்பே என்னிடம் வந்து கேளுங்கள் என்கிறேன்.

நான்காம் நாள் மடையான் தானாகவே கெண்டைக்குஞ்சை விழுங்கியது, வனத்துறையினர் கொண்டுபோனார்கள். கிளைடர் இன்னும் மாதம் ஒருமுறை மலையிறங்கி வருகிறது. ஒரு காலை ஊன்றுகிறது. மற்றது இன்னும் இழுபடுகிறது.