வைகாசியில் அருந்ததி எங்கே? கேபிள் டிவியில் கட்டற்ற மென்பொருள்

தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் வாரத்தில் ஒருநாள் காலை, பக்திப் பாட்டும் காய்கறி விலையும் முடிந்த பிறகு, கால் மணி நேரம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நிகழ்ச்சி கம்ப்யூட்டர், செல்போன் சந்தேகங்களுக்கானது. ஆனால் அதில் நான் காட்டுவது பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்கள்தான், அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தவும், மாற்றவும், பகிரவும் உரிமை உள்ளவை. "யூடியூப் இருக்கும்போது கேபிள் டிவியில் போய் என்ன ஆகப்போகுது?" என்று இந்தத் துறை நண்பர்களே கேட்கிறார்கள். இதில் இறங்க நினைக்கிறவர்கள் சிலரும் விவரம் விசாரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

யூடியூபில் தேடுகிறவருக்குத்தான் கிடைக்கும். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் கட்டற்ற மென்பொருளான லினக்ஸின் பெயரையே கேள்விப்படாதவர் எதைத் தேடுவார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த மாவட்டம் எங்களுடையது. சுமார் 68 சதவீதம். அதே மாவட்டத்தில் 2006இல் ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தாலும், 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்ததாலும், டிவி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதால் கேட்கிறவர்கள், டீக்கடையில் நின்றபடி பார்க்கிறவர்கள் என்று யாரும் கூப்பிடாமலே நம் முன்னால் உட்காரும் கூட்டம் அது.

கம்ப்யூட்டரும் வீடு தேடி வந்ததுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப காலக் கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைகளுக்கு வந்தார்கள். "அந்த இன்னொண்ணைத் தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். அந்த இன்னொன்றில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, காட்டுவதற்கும் ஆள் இல்லை. அரசு பணம் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த கட்டற்ற மென்பொருள், திறந்துகூடப் பார்க்கப்படாமல் அழிந்தது. அந்த லேப்டாப் வந்த ஆண்டுகளில் டிவியில் வாரம் கால் மணி நேரம் யாராவது இதைத் திறந்து காட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

டிவி ஏன் காட்டவில்லை என்றால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. விளம்பரத்துக்குக் காசு ஒதுக்குகிறவர்களின் பொருள்தான் டிவியில் வரும். சேனலில் முதலில் கேட்ட கேள்வியே, "இது எந்தக் கம்பெனி சார்? ஸ்பான்சர் யாரு?" என்பதுதான். கம்பெனி இல்லை, ஸ்பான்சரும் இல்லை. பதிலுக்கு அவர்களுடைய கண்ட்ரோல் ரூமையே கை காட்டினேன். ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளில். பக்கத்துக் கணினியில் ஆரஞ்சு நிறக் கூம்போடு, வீடியோ ஓட்டும் விஎல்சி. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். ஸ்வீடன் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி எஸ்விடி தன் ஒளிபரப்புக்காக உருவாக்கிய காஸ்பர்சிஜி என்ற மென்பொருளும் அப்படித்தான், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். விஎல்சி பிறந்த கதையிலேயே டிவி இருக்கிறது. 1996 வாக்கில் பாரிஸ் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், வளாகத்து நெட்வொர்க்கில் சாட்டிலைட் டிவி பார்க்க வழி தேடி ஆரம்பித்த வேலை அது. இதையே முதல் நிகழ்ச்சியாக வைத்தோம். தங்கள் சேனல் எதில் ஓடுகிறது என்று பார்க்க ஊர்க்காரர்களுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும்.

அதிகம் பேசப்பட்டது என்னவோ ஸ்டெல்லேரியம் காட்டிய வாரம்தான். கணினித் திரையில் வானத்தைக் காட்டும் மென்பொருள் அது. வைகாசி முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருந்த சமயம். ஊர் தர்மபுரி, நேரம் மறுநாள் காலை ஏழரை என்று கொடுத்தேன். வெளிர்நீல வானம், கிழக்கே சூரியன். கீபோர்டில் ஏ எழுத்தைத் தட்டினால் வளிமண்டலம் நீங்கிவிடும், பட்டப்பகலிலேயே நட்சத்திரங்கள் தெரியும். தட்டினேன். தொகுத்து வழங்கும் பெண், மைக் இருப்பதை மறந்து "அய்யய்யோ" என்றார். அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "அப்போ கல்யாணத்துல காட்டுற அருந்ததி இதுல எங்க சார் இருக்கு?"

சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி. வானியலார் வைத்த பெயர்கள் மிசார், அல்கோர். தேடல் கட்டத்தில் அல்கோர் என்று கொடுத்ததும் காட்சி வடக்கே சுழன்று, கீழே இறங்கி, புல்தரையைப் பார்த்து நின்றது. ஜி எழுத்தைத் தட்டித் தரையையும் மறைத்தால், அருந்ததி நம் காலுக்குக் கீழே இருந்தாள். வைகாசிக் காலை முகூர்த்தத்தில் அவள் அடிவானத்துக்கு மேலேயே வரவில்லை. தேதியைத் தை மாதத்துக்கு மாற்றினேன். அதே ஏழரை மணிக்கு வடமேற்கில் நல்ல உயரத்தில் இருந்தாள். வெயிலில் கண்ணுக்குத் தெரியமாட்டாள் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு சேனலுக்கு வந்த அழைப்புகளில் ஒருவர் பென்னாகரம் பக்கத்துப் புரோகிதர். சண்டைக்கு வருகிறார் என்றுதான் ஸ்டுடியோவில் நினைத்தார்கள். அவர் கேட்டதோ, "பையனோட கவர்மென்ட் லேப்டாப் சும்மா கெடக்கு, அதுல இது வருமா தம்பி?" வரும், எடுத்துக்கொண்டு வாங்க சாமி என்றேன். வந்தார். விண்டோஸ் திணறிக்கொண்டிருந்த அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, ஸ்டெல்லேரியத்தையும், கடிதம் அடிக்க உதவும் லிபர்ஆபீஸையும் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்தேன். இப்போது சங்கல்ப மந்திரங்களை அதில்தான் தட்டச்சு செய்து வைத்துக்கொள்கிறார். திறமூலம், உரிமம், சுதந்திரம் என்று ஆரம்பித்திருந்தால் அவர் சேனலை மாற்றியிருப்பார்.

உரிமத்தைப் பற்றிப் பார்க்கிறவர்களே போன் செய்து கேட்பார்கள், ஆனால் பிறகு. "இதுக்கு ஓனர் யாரு சார்? அவங்களுக்கு இதுல என்ன லாபம்?" இந்தச் சந்தேகம் நியாயமானது, சும்மா கிடைப்பதில் வில்லங்கம் இருக்கும் என்று நம் ஊரில் அடிபட்டுக் கற்றிருக்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரிகள் அதிகம். அதை வைத்துத்தான் சொல்வேன். நல்ல மரத்திலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டி, கன்றை விற்றுக் காசு பார்க்கலாம். ஆனால் வாங்கியவர் தன் மரத்திலிருந்து குச்சி வெட்டக் கூடாது என்று தடை போட முடியாது. லினக்ஸ் போன்ற பல கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜிபிஎல் உரிமம் சொல்வது ஏறக்குறைய இதுதான். லாபத்துக்கு ரெட் ஹேட் கதை போதும். லினக்ஸுக்குச் சேவையும் ஆதரவும் கொடுத்துச் சம்பாதித்த அந்த நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. கோடிக்கணக்கைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு "ஓ" வரும்.

தொழில்நுட்பமாகச் சில விஷயங்கள். ஸ்டுடியோவில் 1080 வரிகளில் பளிச்சென்று தெரியும் திரை, எஸ்டி சேனலில் 576 வரிகளாகச் சுருங்கித்தான் வீட்டுக்குப் போகிறது. மெனுவில் உள்ள எழுத்து எதுவும் படிக்க வராது. ஆகவே பதிவுக்கு முன்பே திரை அளவை 1280க்கு 720 என்று இறக்கி, எழுத்தையும் மவுஸ் அம்பையும் பெரிதாக்கிவிட வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையைக் காட்டவே கூடாது. கடையில் நாள் முழுக்க எனக்கு அதில்தான் வேலை. ஆனால் கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால் ஹேக்கர் வந்துவிட்டான் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள், சினிமாக்காரர்கள் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

மென்பொருளை இறக்கிக்கொள்ளும் இணைய முகவரிக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். டிவியில் எதையும் அழுத்தித் திறக்க முடியாது. பார்க்கிறவர்கள் போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடிக்கிறார்கள். போனைத் தேடி, கேமராவைத் திறக்கப் பத்து வினாடியாவது ஆகும். அதுவரை முகவரி அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்க்ரோலிங் விளம்பரம் அதன் மேல் ஓடாமல் பார்த்துக்கொள்ளும்படி எடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது வெறும் நேர்த்திக்காகச் சொல்வதில்லை. விஎல்சி என்று தேடினால் மேலே வருவது பல நேரம் விளம்பரம். அதை அழுத்தி எதையோ இறக்கி, பிரவுசர் முழுக்கக் குப்பை விளம்பரமாக வருகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் உண்டு. விஎல்சியோ லிபர்ஆபீஸோ, அதிகாரபூர்வ முகவரி டாட் ஆர்க் என்றுதான் முடியும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் டிவி உள்ள வீடுகளுக்கு இன்னொரு வேடிக்கை வைத்திருக்கிறேன். சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், மற்ற பல பிராண்டுகளில் வரும் ஆண்ட்ராய்டு டிவி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். செட்டிங்ஸுக்குள் நுழைந்து தேடினால் ஓப்பன் சோர்ஸ் உரிம அறிவிப்பு என்று பக்கம் பக்கமாக ஒன்று இருக்கும். உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்துவதால் கம்பெனிகள் அதை வைக்கின்றன. "ரிமோட்டை எடுத்து நீங்களே பாருங்க" என்று ஒருமுறை சொன்னேன். லினக்ஸ் நமக்குச் சரிப்படாது என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சொன்னதில்லை, வருடக்கணக்காகச் சோபாவில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எது சரிப்படாது என்பதையும் அதே டிவியில் சொல்ல வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் டேலியில் கணக்கு எழுதுகிறார் என்றால் அவரை லினக்ஸுக்கு இழுக்காதீர்கள். டேலி விண்டோஸுக்கானது. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் போட்டோஷாப்பைப் பிடுங்கிவிட்டு கட்டற்ற மென்பொருளான கிம்ப் கொடுத்தால் சீசன் முடிவதற்குள் உங்களைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர்களுக்கு என் பதில்: காசு கொடுத்து உரிமம் வாங்குங்க, கிராக் போட்ட திருட்டுக் காப்பி மட்டும் வேண்டாம். ஜெராக்ஸ் கடை ஒன்றில் கிராக் வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, அத்தனை வருடப் பத்திர நகல்களும் திறக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி கடிதம் அடிக்க, பிள்ளைகள் படிக்க, இணையம் பார்க்க மட்டும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு காரணமும் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கூடுதலாகக் கொடுத்திருக்கும் அவகாசமும் கொஞ்ச நாளைக்குத்தான். பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. லினக்ஸ் மின்டுக்கு 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். எடைக்குப் போட வேண்டியதில்லை.

கேரளத்தைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. 2005இல் தொடங்கிய விக்டர்ஸ் என்ற அரசுக் கல்விச் சேனல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அவர்களே அமைத்த இயங்குதளம் பள்ளிகளில். அதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேறு. 1982இல் பிபிசி கணினியை மக்களுக்கு அறிமுகப்படுத்தியபோதும், நிகழ்ச்சியோடு நிறுத்தாமல் ஏகார்ன் நிறுவனத்திடம் சொல்லித் தன் பெயரிலேயே ஒரு கணினியைக் கொண்டுவந்தது. டிவியால் ஆசையைத்தான் கிளப்ப முடியும். மறுநாள் காலை கணினி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பதில் சொல்ல ஊரில் ஆள் வேண்டும். ஆகவே நிகழ்ச்சியின் கடைசியில் நான் போடும் ஸ்லைடில் இணைய முகவரிக்கு மேலே ஒரு கடையோ, கல்லூரி ஆய்வகமோ, ஒரு போன் நம்பரும் எந்தக் கிழமை வரலாம் என்பதும் இருக்கும். அந்த நம்பரை எடுக்க ஆள் இல்லாத வாரத்தில் புது மென்பொருள் எதையும் காட்டுவதில்லை, பாஸ்வேர்டு, ஓடிபி மோசடி என்று பேசிச் சமாளித்துவிடுகிறேன்.

நமக்கும் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது. அங்கே இதற்கு வாரம் அரை மணி நேரம் கிடைத்தால் என் போன்றவர்கள் கேபிள் ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்காது. அதுவரை ஓசூர், அரூர், காவேரிப்பட்டணம் என்று அவரவர் ஊர்ச் சேனலில் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் படம் பிடிக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத்தரும் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் வீடியோ பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை என்பதால், உரிய பெயரைக் குறிப்பிட்டு, உரிமத்தின்படி ஒளிபரப்பலாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் நிறைய, அந்த மொழிகளிலும் பாடங்கள் உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சேனலுக்குப் போகாதீர்கள். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை விளம்பரம் நிரம்பி வழியும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்மிஷன் எல்லாம் முடிந்து காலை நேரம் காலியாகக் கிடக்கும்போது போங்கள். ஒரு நிகழ்ச்சியை முழுசாக முடித்துப் பென்டிரைவில் எடுத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.