காலை வெளிச்சத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்

மனநல வார்டில் ஒருவர் சேர்ந்த முதல் நாளே மருந்து, உணவு, தூக்கம், ரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றுக்கும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி விழுந்துவிடும். அவர் எப்போது வெளிக்காற்றில் நிற்பார் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் வரி இருக்காது. "கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் வெளியே கூட்டிப் போகலாம்" என்று வாய்வார்த்தையாக ஒரு முடிவு இருக்கும். அந்த "அப்புறம்" வர நான்கு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். யாரும் கணக்கு வைப்பதில்லை.

சிறைக் கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகள் 2015-ல் திருத்தி ஏற்கப்பட்டன. நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் அந்தத் தொகுப்பின் 23-வது விதி, வெளிவேலை இல்லாத ஒவ்வொரு கைதிக்கும் வானிலை இடங்கொடுத்தால் நாளுக்குக் குறைந்தது 1 மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. எந்தக் குற்றமும் செய்யாமல், நோய் வந்ததற்காக உள்ளே இருப்பவருக்கு அதைவிடக் குறைவாகக் கிடைத்தால், அந்த வார்டு வெட்கப்பட வேண்டும்.

இது ஒன்றும் புதுச் சிந்தனை அல்ல. 1796-ல் வில்லியம் டியூக் இங்கிலாந்தின் யார்க் நகரில் திறந்த ரிட்ரீட் காப்பகத்தில் நோயாளிகள் நடக்கத் தோட்டம் இருந்தது. முற்றங்களில் முயலும் கோழியும் வளர்ந்தன. சங்கிலியை விட்டு நோயாளியை மனிதராக நடத்தத் தொடங்கிய காலத்திலேயே தோட்டமும் சிகிச்சைக்குள் வந்துவிட்டது.

வெளிச்சம் செய்யும் வேலை

விளக்கு எரியும் வார்டில் கண்ணுக்குப் போதிய வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில் வெளியே நின்றாலே பல ஆயிரம் லக்ஸ். நேர் வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும். பருவகால மனச்சோர்வுக்குத் தரும் ஒளிச் சிகிச்சைப் பெட்டியின் வழக்கமான அளவு 10,000 லக்ஸ், காலையில் 30 நிமிடம். வாசலைத் தாண்டினால் அந்த அளவு ஒளி இலவசமாகக் கிடைக்கிறது.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. பகல் எது, இரவு எது என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. காலை ஒளி பட்டால், தூக்கத்துக்கு உடலைத் தயாராக்கும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு அடங்கும், கடிகாரம் முன்னுக்கு நகரும், இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். பகல் முழுக்க மங்கலான அறையில் கிடந்து, இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டிருப்பவருக்குத் தூக்க மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், அன்று அவர் எத்தனை நிமிடம் வெளியே இருந்தார் என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

கனடாவில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுக்காகச் சேர்ந்தவர்களில் வெயில் விழும் அறைகளில் இருந்தோர் சராசரியாக 16.9 நாளில் வீடு திரும்பினர். மங்கிய அறைகளில் இருந்தோருக்கு 19.5 நாள் ஆனது. மிலான் நகர ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. மனம் மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாற்றின் சோர்வு நிலையில் இருந்தவர்களில், காலை வெயில் விழும் கிழக்கு அறைக்காரர்கள் மேற்கு அறைக்காரர்களைவிடச் சராசரியாக 3.67 நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். சிறிய ஆய்வுகள்தான். ஆனால் படுக்கை ஒதுக்கும்போது "யாருக்குக் கிழக்கு ஜன்னல்?" என்று யோசிப்பதற்குக் காசு செலவில்லை. மிகை எழுச்சி இல்லாமல் சோர்வு மட்டும் வரும் ஒருபுறச் சோர்வுக்காரருக்கு அந்த மிலான் ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளிச்சம் தவிர இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வில் மனம் ஒரே எண்ணத்தை அசைபோட்டுக்கொண்டே இருக்கும். 2015-ல் வெளியான ஆய்வில் 90 நிமிடம் மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் நடந்தவர்களிடம் இந்த அசைபோடல் குறைந்தது. வாகனங்கள் நிறைந்த சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. நடை இரண்டு பக்கமும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. பலர் படுத்திருக்கும் பூட்டிய அறையில் அது 1,000-ஐத் தாண்டுவது மிகச் சாதாரணம். அப்போது தலை கனக்கும், சோம்பல் வரும், மாத்திரை மயக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கையடக்கமான கரியமில வாயு மீட்டர் ஒன்றை இரவு முழுக்க வார்டில் வைத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஜன்னல் முழுதாகத் திறப்பது ஆபத்து என்றால் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு பொருத்தலாம். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் அந்த அளவு திறந்தாலே காற்று ஓடும்.

எப்படி எழுதுவது

"வெளியே செல்லலாம்" என்று எழுதினால் அது நடக்காது. மருந்துக்கு எழுதுவது போலவே எழுத வேண்டும்: என்ன, எவ்வளவு, எத்தனை முறை, எந்த நேரம், யார் பொறுப்பு. உதாரணமாக: "காலை 7:30, முற்றம், 20 நிமிடம், மாலை 4:30, 30 நிமிடம், தினமும், உடன் ஒரு செவிலியர், தண்ணீர் கொண்டு போகவும்." பக்கத்தில் மூன்று கட்டங்கள் வேண்டும்: சென்றார், அழைத்தும் மறுத்தார், அழைக்கப்படவில்லை. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் ஆள் இல்லாததால் விட்டுப்போனதும் "நோயாளி மறுத்தார்" என்றே பதிவாகிவிடும். வாரம் ஒருமுறை ரவுண்ட்ஸில் அந்தக் கட்டங்களை எண்ணிப் பார்த்தால் வார்டின் உடல்நிலையும் தெரியும்.

காலை 8 மணிக்கு மருந்து, 8:30-க்கு உணவு, 9-க்கு ரவுண்ட்ஸ், 10-க்குத் துடைப்பு என்று எல்லாம் நெருக்கியடித்து வைத்திருப்பதால் நல்ல வெளிச்ச நேரம் அப்படியே போய்விடும். மருந்துக்கு முன்னால் 20 நிமிடம் என்று வைத்துவிட்டால் மாத்திரை மயக்கமும் குறுக்கே வராது. இரவு டியூட்டி முடித்துப் போகிறவரும் காலை டியூட்டிக்கு வருகிறவரும் வார்டில் சேர்ந்திருக்கும் அரைமணி நேரம், ஆள் கிடைக்கும் அரைமணி நேரம்.

எங்கே கெடுகிறது

முதல் கோளாறு, வெளியே செல்வதைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்துவது. "நேற்று சத்தம் போட்டார், இன்று வெளியே கிடையாது" என்பது சிகிச்சை முடிவு அல்ல. சத்தம் போட்டவருக்குத்தான் திறந்த இடம் அதிகம் தேவை. ஆபத்து உண்மையானதாக இருந்தால் இடத்தையும் உடன் செல்லும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றுங்கள்; தடுத்தால் காரணமும், மறுபடி பரிசீலிக்கும் நேரமும் எழுதப்பட வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள்.

இரண்டாவது, ஒருவரின் ஆபத்தை வைத்து இருபது பேருக்கும் கதவைப் பூட்டுவது. தப்பிச் செல்லக்கூடியவர் ஒருவர் இருந்தால் அவருக்குத் தனித் திட்டம் போதும்.

மூன்றாவது புகை. பல இடங்களில் முற்றம் என்பதே சிகரெட் பிடிக்கும் இடமாகிவிடுகிறது. புகைக்காதவர் போக மாட்டார். நிறுத்த நினைப்பவர் மறுபடி தொடங்குவார். இதில் ஒரு மருந்துச் சிக்கலும் இருக்கிறது. சிகரெட் புகை, மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்ற மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுகிறது. அதனால் வார்டில் திடீரென்று புகை நின்றால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறும். வீட்டுக்குப் போய் மறுபடி தொடங்கினால் இறங்கும். புகை நேரத்தையும் காற்று வாங்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். புகைப் பழக்கம் மாறினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

மருந்தும் வெயிலும்

வெயிலில் அழைத்துப் போவதற்கு முன் மருந்துத் தாளைப் படிக்காமல் போகக் கூடாது. மனச்சிதைவுக்கான பல மருந்துகள் உடல் தன் வெப்பத்தைச் சீர்ப்படுத்தும் திறனைக் குறைக்கின்றன. நடுக்கத்துக்குத் தரப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வியர்வையையே குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் மற்றவருக்குச் சாதாரணமான வெயில் இவருக்கு ஆபத்து. உச்சி வெயிலைத் தவிர்த்து, நிழலில், தண்ணீரோடு போக வேண்டும். உடல் கொதித்து, தசை விறைத்து, நினைவு குழம்பினால் அது வெறும் வெயில் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத் தாக்கமாகவும் இருக்கலாம், மனநல மருந்தால் வரும் கடுமையான விறைப்புக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்தான அவசரம்.

மனச்சிதைவு மருந்துகளில் ஒன்றான குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் விரைவில் வெந்துவிடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு அவசியம்.

இருமுனைக் கோளாற்றுக்குத் தரும் லித்தியம் எடுப்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளம். உடனே மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: புதிதாக நடக்கத் தொடங்கி கால் வலித்தால் கடையில் ஐபுரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இவையும் லித்தியம் அளவை ஏற்றும். வலி மாத்திரை எதுவானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

குளோசபின், குவெடியபின் போன்றவை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். படுக்கையிலிருந்து உட்கார்ந்து ஒரு நிமிடம், நின்று ஒரு நிமிடம், பிறகு நடை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு கூட்டிய நாட்களிலும் விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரத் தரைக்கு அனுப்பாதீர்கள்.

இருமுனைக் கோளாறு உள்ளவருக்குக் காலை வெளிச்சம் நல்லதுதான் என்றாலும் மிகையாகக் கொடுத்தால் மேனியா என்ற மிகை எழுச்சி நிலையின் பக்கம் தள்ளிவிடக்கூடும். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் சுறுசுறுப்பாக இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. இவர்களுக்கு ஒளிச் சிகிச்சையையே நண்பகலை ஒட்டிக் குறைந்த நேரத்தில் தொடங்கும் முறை உண்டு. வெளி நடையிலும் அதே கவனம் வேண்டும்.

முற்றம் எப்படி இருக்க வேண்டும்

பெரிய தோட்டம் தேவையில்லை. ஒரு மரம், கொஞ்சம் மண், மேலே வானம், உட்கார இடம் இருந்தால் போதும். செவிலியர் மேசையிலிருந்து பார்வைபடும்படி இருந்தால் ஆள் குறைவான நாளிலும் திறந்து வைக்கலாம். நடைபாதை ஒரு சுற்றாக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படி இருக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர் முட்டுச் சந்தில் போய் நின்றால் திகைத்துவிடுவார். முதியோருக்காகச் சில எட்டுக்கு ஒரு இருக்கை, அதில் கைப்பிடி. கழிப்பறை அருகில் இல்லாத முற்றத்துக்கு யாரும் மறுநாள் வர மாட்டார்கள்.

சுவரை ஒட்டி ஏறக்கூடிய மரமோ நகர்த்தக்கூடிய நாற்காலியோ வேண்டாம். உருண்டைக் கற்களைப் பாத்திகளில் கொட்டி அலங்கரிக்காதீர்கள். அழகுக்காக வளாகங்களில் நடப்படும் அரளி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளை அகற்றிவிட்டு, தொட்டாலும் முகர்ந்தாலும் பயமில்லாத துளசி, மல்லிகை, கீரை வைக்கலாம். மண்வெட்டி, களைக்கொத்தியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஆபத்துகளைத் தேடிப் பார்த்துச் சரிசெய்வது திறப்பதற்கான வேலை. அதையே மூடி வைப்பதற்கான சாக்காக ஆக்கக் கூடாது.

வர முடியாதவர்கள், வர மறுப்பவர்கள்

யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயத்தில் இருப்பவருக்கு விரிந்த வெளி ஆறுதல் தராது, அச்சம்தான் தரும். சுவருக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்தபடி உட்காரும் மூலை ஒன்று அவருக்கு வேண்டும். அங்கிருந்து தானாக எழுந்து நடக்கட்டும். யாரையும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மறுத்தவரை இரண்டு மணி நேரம் கழித்து வேறொருவர் அழைத்தால் பல சமயம் வந்துவிடுவார்.

படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்குக் கட்டிலைத் திருப்புங்கள். படுத்த நிலையில் அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று நீங்களே ஒருமுறை அந்தக் கட்டிலில் தலைவைத்துப் பார்க்க வேண்டும். நின்றால் தெரியும் மரம் படுத்தால் தெரியாது. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

வீட்டில்

ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவரிடம் "ஒரு வாக்கிங் போய்விட்டு வா, சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். கால் எழவில்லை என்பதுதான் அவர் நோயே. முதல் இரண்டு நாள் வாசற்படியில் 5 நிமிடம் உட்காருவது மட்டும். பிறகு தெருமுனை வரை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், தினமும் அதே நேரத்தில், உடன் ஒருவர். எதிரே நின்று கேள்வி கேட்பதைவிடப் பக்கத்தில் நடந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் கழித்தவர்கள் தங்கள் உடல்நிலையும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னதைக் காட்டியது. அதை ஒரே நாளில் கழித்தாலும் பல நாளாகப் பிரித்தாலும் வேறுபாடு இல்லை. முதல் மாதம் அந்த எண்ணை இலக்காக வைக்க வேண்டாம்.

வெளிக்காற்று மருந்துக்கு மாற்று இல்லை. நடக்கத் தொடங்கியதும் தெம்பு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். சாக வேண்டும் என்ற எண்ணத்தைச் சொல்பவரைத் தனியாக நடக்க அனுப்பாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். எந்த இடம், எந்த நேரம், எத்தனை நிமிடம், உடன் யார், வெயிலில் எந்த மருந்துக்கு என்ன கவனம். நோயாளியும் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கும்போதே, அவர்கள் சொல்லச் சொல்ல நிரப்புங்கள். அடுத்த முறை வரும்போது, மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்கும் அதே மூச்சில் இதையும் கேளுங்கள்.