விரிசலுக்கு ஒரு கணக்கு, சிதறலுக்கு ஒரு கணக்கு

பாய்லர் பைப்பின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் காமா கதிர் வீசும் ஐரிடியம்-192 மூலத்தையும் மறுபக்கம் ஃபிலிமையோ டிடெக்டரையோ வைத்துப் படம் எடுப்பார்கள். எப்படி வைத்தால் விரிசல் தெரியும் என்று முதலிலேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன்.

0.1 மி.மீ. அகலமும் 2 மி.மீ. ஆழமும் உள்ள ஒரு விரிசலை எடுத்துக்கொள்வோம். இந்தக் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 13 மி.மீ. எஃகு வேண்டும். கதிர் விரிசலின் நெடுக்கே போனால் வழியில் 2 மி.மீ. எஃகு குறைவு, அந்த இடத்தில் சுமார் 11 சதவீதம் கூடுதலாகக் கதிர் விழும். விரிசல் 10 டிகிரி சாய்ந்துவிட்டாலோ கதிர் கடக்கும் இடைவெளி 0.6 மி.மீ.கூட இல்லை, வித்தியாசம் 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இதன் மேல், உலோகத்தில் மோதித் திசை மாறி வரும் சிதறல் கதிர் வேறு. அது, எதிலும் மோதாமல் வரும் நேர்க்கதிரைப் போல இரண்டு மடங்கு இருந்தால், அந்த 3 சதவீதமும் 1 சதவீதமாகிவிடும். ஆக, சிதறலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பதில் தப்பு.

சிதறலைக் கணக்கிட நம்பகமான வழி, 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கணித அறிஞர்கள் உலாமும் வான் நாய்மனும் உருவாக்கிய மான்டி கார்லோ முறை. ஒவ்வொரு ஃபோட்டானும் (கதிரின் ஒரு துகள்) எங்கே மோதும், எப்பக்கம் திரும்பும் என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பிக்சலில் 1 சதவீதத் துல்லியத்துக்கு 10,000 ஃபோட்டான்கள் வந்து சேர வேண்டும். 2000-க்கு 2000 பிக்சல் என்றால் 4000 கோடி! துல்லியத்தைப் பத்து மடங்காக்க நினைத்தால் வேலை நூறு மடங்கு.

இங்கேதான் வேலையைப் பிரிக்கிறார்கள். நேர்க்கதிருக்குப் பகடையே வேண்டாம். மூலத்திலிருந்து ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கோடு போட்டு, வழியில் எத்தனை மி.மீ. உலோகம் என்று அளந்தால் போதும். கூர்மையான விவரம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இதை நொடியில் முடித்துவிடும். சிதறலோ படம் முழுக்கப் பரவிய மங்கல். அதை 50-க்கு 50 கட்டங்களில் கணக்கிட்டு நடுவில் நிரப்பிக்கொள்ளலாம். 4000 கோடி இரண்டரைக் கோடியாகிவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த தந்திரம். விரிசல் இத்துனூண்டு, அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிதறல் கிட்டத்தட்ட அதேதான். எனவே குறையில்லாத பைப்புக்கு ஒருமுறை சிதறலைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, விரிசலை எத்தனை விதமாகச் சாய்த்தாலும் நேர்க்கதிரை மட்டும் திரும்பப் போட்டால் ஆயிற்று. பொருளின் தடிமன் சட்டென மாறும் ஓரங்களிலும், பெரிய குழிகளிலும் மட்டும் இதை நம்பக் கூடாது. அங்கே சிதறலும் மாறும்.

அப்புறம், நிஜப் படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலையும் ஃபோட்டான்களை உருட்டி வரவழைக்க வேண்டியதில்லை. சுத்தமான படத்தை முதலில் கணக்கிட்டு, எக்ஸ்போஷர் நேரத்துக்கு ஏற்ற இரைச்சலைக் கடைசியில் தூவிவிடலாம். 2 நிமிடத்தை 5 நிமிடமாக மாற்றிப் பார்க்க ஒரு பெருக்கலும் புதிதாகத் தூவுவதும்தான் வேலை.