ரேட்டைப் பார்த்து ராஜினாமா எழுதாதீர்கள்

நிரந்தர வேலையை விட்டுவிட்டு நாள் ரேட்டுக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டுக்கு மாறலாமா என்று கேட்டு வரும் டெவலப்பர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். ஒரு நாள் ரேட், அதை 22-ஆல் பெருக்கு, பிறகு 12-ஆல் பெருக்கு, இப்போது வாங்கும் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வருகிறது. அப்புறம் என்ன யோசனை? பல வருடமாகக் கான்ட்ராக்டில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரேட் பேசுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கையெழுத்துப் போடும் தாளில் காட்டினால் பெரும்பாலான தொல்லைகள் வராது.

முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள், ஆக 260 நாள். சம்பளக்காரருக்கு இந்த 260-க்கும் காசு உண்டு. கான்ட்ராக்டருக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும்தான். பொது விடுமுறை, சொந்த விடுப்பு, காய்ச்சல், தலைவலி என்று 35 நாள் போனால் மீதி 225. ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைப்பதற்குள் ஐந்து வாரம் சும்மா இருக்க நேர்ந்தால் மிஞ்சுவது 200. வருடச் சம்பளத்தை 260-ஆல் வகுத்து ரேட் பேசியவர், பழைய சம்பளத்தைத் தொடுவதற்கே 30 சதவீதம் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். கம்பெனி கட்டிவந்த ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு, லேப்டாப், லைசென்ஸ், கணக்காளர் கட்டணம் எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. ஒன்றரை மடங்கு என்று துள்ளி வந்த பலர் இதைப் போட்டுப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

ரேட் சரியாகவே அமைந்தாலும் ஆளைச் சாய்ப்பது பணம் வரும் தேதி. மாதம் 1-ஆம் தேதி சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முடிந்ததும் எந்தெந்த நாள் வேலை செய்தீர்கள் என்ற டைம்ஷீட் போட வேண்டும். மேனேஜர் அதை அப்ரூவ் செய்த பிறகுதான் இன்வாய்ஸ், அதாவது பில். பணம் தர 45 நாள் கெடு என்றால் அது இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓடும். சில இடங்களில் கணக்குப் பிரிவு அதைப் பதிவு செய்த தேதியிலிருந்து. ஆக, முதல் நாள் செய்த வேலைக்குக் காசு வர எண்பது நாள் ஆகிவிடும். அதற்குள் இரண்டாம் மாத இன்வாய்ஸும் போயிருக்கும், மூன்றாம் மாத வேலையும் பாதி தாண்டியிருக்கும். கிளையண்டுக்கு இரண்டரை மாத உழைப்பை வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் ஏஜென்சி இருந்தால், 'கிளையண்டிடமிருந்து எங்களுக்குப் பணம் வந்த பிறகே உங்களுக்குத் தருவோம்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால், கிளையண்ட் கையை விரித்த அன்று அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான்.

இன்வாய்ஸில் பர்சேஸ் ஆர்டர் எண் (இந்த வேலைக்காகக் கிளையண்ட் போட்ட ஆர்டரின் எண்) விடுபட்டிருந்தால் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து நீங்களாக விசாரிக்கும்போது, 'எண் இல்லை, திருத்தி அனுப்புங்கள்' என்று ஒற்றை வரியில் மெயில் வரும். 45 நாள் மறுபடி முதலிலிருந்து. அதனால் நிரல் இருக்கும் ரிப்போவுக்கு ஆக்சஸ் கேட்பதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: பர்சேஸ் ஆர்டர் எண், இன்வாய்ஸ் போக வேண்டிய மெயில் முகவரி, எந்தெந்தத் தேதியில் பணம் விடுவிக்கிறார்கள், மேனேஜர் விடுப்பில் போனால் டைம்ஷீட்டை யார் அப்ரூவ் செய்வார். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்புறம், ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். மூன்று மாதம் போதும் என்பவர்கள் முதல் இன்வாய்ஸ் தாமதமானதைப் பார்த்ததில்லை.

அடுத்தது, எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பது. நிரந்தர வேலையில் இந்தக் கேள்வியே எழாது. வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாகக் கம்பெனிக்குத்தான். கான்ட்ராக்டில் பல நாடுகளின் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை எழுதியவரிடமே நிற்கும். நீச்சல் குளங்களும் அதற்கான பொருள்களும் விற்ற ஒரு கடைத் தொடருக்கு நிரல் எழுதிக் கொடுத்தவர் தொடுத்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. அவர் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்படி முடிவு செய்ய நீதிபதிகள் முக்கியமாக எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு: அவருக்கு ஊழியர் சலுகைகள் எதுவும் தரவில்லை, சம்பள வரியும் பிடிக்கவில்லை.

இதனால்தான் இன்றைய ஒப்பந்தங்களில் உரிமை மாற்றும் பிரிவு அவ்வளவு நீளமாக இருக்கிறது. அதில் பார்க்க வேண்டியது ஒரு சின்ன இடம். 'ஒப்பந்தக் காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று இருந்தால், சனிக்கிழமை நீங்கள் ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது எல்லோருக்கும் திறந்த நிரலுக்கு, போட்ட கமிட்டும் (நிரல் மாற்றமும்) அதில் மாட்டும். 'இந்தப் பணிக்காக உருவாக்கும் அனைத்தும்' என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். நீங்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த சொந்த லைப்ரரிகளை (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) ஒரு பின்னிணைப்பில் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு அதைச் சேர்ப்பது லேசில்லை.

ஒப்பந்தத்திலிருந்து விலக எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற கெடுவையும் பாருங்கள். கிளையண்டுக்கு 7 நாள், உங்களுக்கு 30 நாள் என்று இருப்பது சாதாரணம். இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

தாளில் கான்ட்ராக்டர் என்று எழுதிவிட்டால் மட்டும் ஆகிவிடாது. ஃப்ரீலான்சர் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஊழியர்களைப் போலவே நடத்தப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை முடிக்க மைக்ரோசாஃப்ட் 2000-ஆம் ஆண்டு சுமார் 9.7 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் அதே ஆண்டு வந்த ஐஆர்35 விதி, நடைமுறையில் ஊழியராக இருக்கும் கான்ட்ராக்டரிடம் ஊழியருக்குரிய வரியைக் கேட்கிறது. வேலை நேரத்தை யார் தீர்மானிப்பது, உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா, இந்த வேலை முடிந்ததும் அவர்கள் அடுத்ததைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்பவைதான் அங்கே கேட்கப்படும் கேள்விகள். ஒரே கிளையண்டிடம் மூன்று வருடமாக உட்கார்ந்து, அவர்களிடமே லீவு கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு வருட அனுபவத்தோடு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கான்ட்ராக்டரை யாரும் கற்றுக்கொடுக்கக் கூப்பிடுவதில்லை. இரண்டாவது நாளே புல் ரிக்வெஸ்ட், அதாவது சேர்த்துக்கொள்ளத் தயாரான நிரல், எதிர்பார்ப்பார்கள். புதிதாக எதையாவது படிப்பது உங்கள் நேரத்தில், உங்கள் செலவில். டீமுக்குள் பேசிப் பழகி, சண்டை போட்டு, தவறுகளைத் திருத்திக்கொள்ள நிரந்தர வேலையில் கிடைக்கும் இடம் இங்கே இல்லை.

முடிவெடுத்தாயிற்று என்றால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் வீட்டுக் கடன், தனி மருத்துவக் காப்பீடு இரண்டையும் வாங்கிவிடுங்கள். கடன் விண்ணப்பத்தில் வேலை மாறப் போவது பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள், பின்னால் சிக்கலாகும். சம்பளச் சீட்டு இருக்கும்வரை வங்கியில் பேச்சு சுருக்கமாக முடியும். கான்ட்ராக்டரான பிறகு போனால் பொதுவாக ஓரிரு வருட வருமானக் கணக்கைக் கொண்டு வரச் சொல்வார்கள். அந்தக் கணக்கு உங்களிடம் அப்போது இருக்காது.