ஒப்புதல் படிவத்தில் யாருடைய கையெழுத்து?

அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நோயாளியிடம் நீட்டினால், எங்கள் டெல்டா மாவட்டங்களில் பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்வது மகனோ கணவரோ மாமியாரோதான். நோயாளி நல்ல நினைவோடு எதிரிலேயே அமர்ந்திருப்பார். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர், நானே போட்டுடறேன்" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் பதினெட்டு வயது நிரம்பி, மனத்தெளிவோடு இருப்பவருக்காக வேறொருவர் இடும் கையெழுத்து ஒப்புதலாகாது.

சிறு துளை வழியே வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு மட்டுமே சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய டெல்லி வழக்கொன்றில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தத் தாயின் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் வயதுவந்த, மனத்தெளிவுள்ள பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. குடும்பநல (கருத்தடை) அறுவைக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். இருந்தும் பிரசவ வார்டில் "வீட்டுக்காரர் எங்கே?" என்று முதலில் கேட்பவர்கள் பல நேரம் செவிலியர்களாகிய நாங்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நினைவிழந்து உயிராபத்தில் வருபவரின் நிலை வேறு. அங்கே கையெழுத்துக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது.

இதில் செவிலியரின் பங்கு என்ன? சிகிச்சையையும் அதன் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்குவது மருத்துவரின் கடமை. விளக்கம் நோயாளியைச் சென்று சேர்ந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை. "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப் போறாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரை மறுபடி அழைக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குப் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே மையை நீட்ட வேண்டும்.

கையெழுத்தைவிடச் சிக்கலானது, நோயையே மறைக்கச் சொல்வது. வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகி வாய்ப்புற்றோடு வரும் முதியவர்கள் இங்கே அதிகம். அப்படியொரு விவசாயி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) காயத்துக்கு மருந்து வைக்கையில் கேட்டார்: "ஏம்மா, தாளடி அறுப்புக்கு நான் வயல்ல நிக்க முடியுமா? குத்தகைக் கணக்கு வேற தீர்க்கணும்." வெறும் புண் என்று சொல்லிவைக்கும்படி மகன் முந்தைய நாளே கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கை யாரிடம் ஒப்படைப்பது, வெளிநாட்டில் இருக்கும் இளைய மகனை எப்போது வரச் சொல்வது, சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என அத்தனை முடிவுகளும் அவருடையவை. பொய்யை நம்பி அவற்றை அவர் எப்படி எடுப்பார்?

அதற்காக நோயின் பெயரைச் செவிலியரே போட்டு உடைத்துவிடலாம் என்றும் பொருளில்லை. "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நேராகவே கேளுங்க ஐயா, நானும் பக்கத்துல நிக்கிறேன்" என்பது நேர்மையான பதில். மகனிடமும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நாங்களாக முந்திக்கொண்டு எதையும் சொல்ல மாட்டோம், ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். உண்மையை மருத்துவர் சொல்லும்போது மகனையும் அருகில் இருக்கச் செய்தால் அவருடைய அச்சம் பாதி குறையும். இந்திய செவிலியர் மன்றத்தின் நெறிமுறைகள் நோயாளியைப் பராமரிப்பில் பங்காளியாகக் கருதி, அவர் விவரமறிந்து முடிவெடுக்க உதவச் சொல்கின்றன.

மறுபுறமும் உண்டு. "எனக்கு ஒண்ணும் சொல்லவேணாம், எல்லாத்தையும் பெரியவன்கிட்டயே பேசிக்குங்க" என்று சொல்லும் முதியவர் தம் உரிமையை இழப்பதில்லை, அதைப் பயன்படுத்துகிறார். அந்த வார்த்தையை மகன் வழியாக அல்லாமல் அவர் வாயிலிருந்தே கேட்டு, தேதி, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். நாளை அவர் மனம் மாறிக் கேட்டால், அதையும் எழுதி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

"யாராவது ஒருத்தர்கிட்ட சைன் வாங்கிடுங்க" என்று அவசரப்படுத்தும் பணி மருத்துவரிடம் என்ன செய்வது என்று புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் கேட்பதுண்டு. வாக்குவாதம் தேவையில்லை. நோயாளிக்கு இன்னும் விளக்கப்படவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள், வார்டு இன்சார்ஜிடம் தெரிவியுங்கள், குறிப்பில் நேரத்தோடு பதியுங்கள். சாட்சிக்கான இடத்தில் அதுவரை உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.